ஒரு டயர்கூட செய்யாதவர்... ஆனா டயரில் அவர் பேர்! யார் இந்த சார்லஸ் குட்இயர்?

பவரான காரை வாங்குவது ஒரு செலவு. அதற்கு டயர் மாற்றும் நாள் வரும் பாருங்கள், அது இன்னொரு செலவு. அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி மாதிரி 400 குதிரைத்திறனைத் தாண்டிய கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்கும் இளைஞர்களுக்கு இது வழக்கமான தலைவலி. காரை எப்படியோ வாங்கியாச்சு. நாலு நல்ல டயருக்கு விலை கேட்டால்தான் தலை சுத்துது.

மென்மையான ரப்பர் போட்ட டயர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனா சீக்கிரம் தேய்ந்துவிடும். கெட்டி ரப்பர் பல வருஷம் உழைக்கும், ஆனா மழையில் அவசரமாக பிரேக் அடிக்கும்போது கைவிட்டுவிடும். குறைந்த பட்ஜெட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும் என்ற ரப்பரின் இந்தக் குணத்தோடு ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். அப்போது கார் என்ற ஒன்றே பிறக்கவில்லை. அவர்தான் சார்லஸ் குட்இயர். டயர் கம்பெனி முதலாளி என்று நினைத்தால், அங்கேதான் முதல் ட்விஸ்ட். அவர் டயர் கம்பெனி எதையும் நடத்தியதே இல்லை.

கடையில் தொடங்கி கடனில் முடிந்த வியாபாரம்

1800 டிசம்பர் 29-ம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் பிறந்தார் சார்லஸ் குட்இயர். அப்பா அமாசா குட்இயர், பட்டன், விவசாயக் கருவிகள் போன்ற இரும்புச் சாமான்கள் செய்து விற்றவர். சார்லஸும் பிலடெல்பியா போய் அதே தொழிலைக் கற்று, திரும்பி வந்து அப்பாவோடு கூட்டு சேர்ந்தார். 1824-ல் கிளாரிசா பீச்சர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு வருஷத்தில் பிலடெல்பியாவில் சொந்தமாக ஹார்டுவேர் கடையும் திறந்தார்.

கடை நன்றாகத்தான் போனது. கடனுக்குச் சரக்கு கொடுத்துக் கொடுத்து, வசூல் ஆகாமல், 1830 வாக்கில் கடை திவாலானது. அந்தக் காலத்து அமெரிக்காவில் கடனைக் கட்டவில்லை என்றால் ஜெயில்தான். கடனாளிகளுக்கென்றே தனிச் சிறைகள் இருந்தன. குட்இயர் அதற்குள் எத்தனை முறை போய் வந்தார் என்று எண்ணுவதே கஷ்டம்.

ஒரு வால்வு... ஒரு ரகசியம்

1834-ல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி இந்தியா ரப்பர் கம்பெனி என்ற நிறுவனத்தின் கடைக்குள் நுழைந்தார். தண்ணீரில் மூழ்காமல் காப்பாற்றும் ரப்பர் மிதவை ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதில் காற்றடிக்கும் வால்வு சரியில்லை என்று தோன்ற, வீட்டுக்குப் போய் அதைவிட நல்ல வால்வு ஒன்றைச் செய்து எடுத்து வந்தார். விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்ற எண்ணம்.

கடை மேலாளருக்கு வால்வு பிடித்துப்போனது. ஆனா வாங்கவில்லை. வால்வு சரியாகி என்ன பிரயோஜனம், ரப்பரே சரியில்லையே என்ற நிலைமை அங்கே. அப்போது அமெரிக்காவில் ரப்பர் மோகம் உச்சத்தில் இருந்தது. ரப்பர் ஷூ, ரப்பர் கோட் என்று எல்லோரும் முதலீடு போட்டார்கள். கோடை வந்ததும் எல்லாம் பிசின் மாதிரி இளகி, நாற்றமடித்து, ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள சரக்கு திரும்பி வந்தது. குளிர்காலத்திலோ அதே ரப்பர் பலகை மாதிரி விறைத்து வெடித்தது. இதை வெளியே சொன்னால் கம்பெனி கதை முடிந்தது என்பதால், ரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

வேறொருவராக இருந்தால் தப்பித்தோம் என்று ஓடியிருப்பார். வேதியியல் படிக்காத, கையில் காசில்லாத குட்இயர், இதை நான் சரி செய்கிறேன் என்று முடிவு செய்தார். அவர் எடுத்ததிலேயே மோசமான பிசினஸ் முடிவு இதுதான் என்று சொல்லலாம். உலகத்துக்கு அது லாபம்.

ஜெயிலுக்குள் பூரிக்கட்டை

பிலடெல்பியா திரும்பியதும் கடனுக்காக மறுபடி சிறை. அங்கேதான் முதல் ஆராய்ச்சி. கச்சா ரப்பரையும், சமையலறையில் மாவு தேய்க்கும் கட்டையையும் மனைவியிடம் கேட்டு வாங்கினார். சிறை அறையிலேயே ரப்பரைப் பிசைந்தார், தேய்த்தார். ஏதாவது ஒரு பொடியைக் கலந்தால் அந்தப் பிசுபிசுப்பு போய்விடும் என்பது அவர் கணக்கு.

வெளியே வந்ததும் மெக்னீசியா பொடியைக் கலந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று அழகாக வந்தது. ரப்பர் ஷூக்கள் செய்தார். கோடை வந்தது, ஷூக்கள் இளகின. சுண்ணாம்பைக் கலந்து பார்த்தார், நிற்கவில்லை. நைட்ரிக் அமிலத்தில் முக்கினார், மேல்பரப்பு மட்டும் கொஞ்சம் சரியானது. மூடிய அறையில் அமிலப் புகையைச் சுவாசித்து ஒருமுறை செத்துப் பிழைத்தார். அந்த அமில முறைக்கு 1837-ல் காப்புரிமை கிடைத்தது. கொஞ்சம் பணம் போட ஒரு கூட்டாளியும் கிடைத்தார். அதே வருஷம் அமெரிக்காவே பொருளாதார நெருக்கடியில் விழ, கூட்டாளியும் நொடித்துப்போனார்.

ஸ்டேட்டன் தீவில் மூடிக்கிடந்த ரப்பர் ஆலை ஒன்றில் குடும்பத்தோடு குடியேறினார். மீன் பிடித்தால் சாப்பாடு. விளம்பரத்துக்காக ரப்பர் கோட்டும் தொப்பியும் தானே மாட்டிக்கொண்டு திரிந்தார். ஊர் சிரித்தது. ரப்பர் பர்ஸ் வைத்திருக்கிறார், உள்ளே காசுதான் இல்லை என்பது அன்றைய ஜோக்.

பிறகு பாஸ்டன் பக்கம் போனார். அங்கே நத்தானியல் ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகம் கலந்து வெயிலில் காயவைத்து வந்தார். குட்இயர் அந்த உரிமையை வாங்கிக்கொண்டார். அமெரிக்க அரசிடமிருந்து தபால் பைகளுக்கு 150 எண்ணிக்கையில் ஆர்டரும் வந்தது. பைகளைச் செய்து, பார்வைக்காகத் தொங்கவிட்டிருந்தார். கொஞ்ச நாளில் கைப்பிடிகள் கழன்று, பைகள் இளகி வழிந்தன. மேற்பரப்பு மட்டுமே சரியாகியிருந்தது, உள்ளே பழைய ரப்பர் அப்படியே இருந்தது. கடைசியாக நம்பியிருந்த ஒன்றிரண்டு பேரும் கை விரித்தார்கள்.

அடுப்பில் விழுந்த துண்டு

1839-ன் குளிர்காலம், மாசசூசெட்ஸின் வொபர்ன் ஊர். கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டுவிட்டது. கடையில் கைநழுவி விழுந்தது என்பார்கள், வீட்டு அடுப்பு என்பார்கள். கதைக்குப் பல வடிவம் உண்டு. எல்லா வடிவத்திலும் ஒன்று பொது: ரப்பர் உருகி வழியவில்லை. தோல் மாதிரி கருகியது. கருகிய ஓரத்தை ஒட்டி, நெகிழ்வான, ஒட்டாத ஒரு பட்டை தெரிந்தது. அந்தத் துண்டை இரவு முழுக்க வெளிக் குளிரில் ஆணியடித்து மாட்டினார். காலையில் எடுத்து வளைத்தால், வளைந்தது!

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வது நியாயமில்லை. சூடு ரப்பருக்கு எதிரி என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஐந்து வருஷம் ரப்பரையே பிசைந்துகொண்டிருந்தவர் என்பதால்தான் அந்தக் கருகல் ஓரத்தை அவர் கவனித்தார்.

உள்ளே நடந்தது என்ன? ரப்பர் என்பது நீண்ட நீண்ட மூலக்கூறு நூல்களின் கூட்டம். நூடுல்ஸ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் வெயிலில் இளகுகிறது. சூட்டில் கந்தகம் இந்த நூல்களுக்கு நடுவே குறுக்குப் பாலங்கள் போடுகிறது. அப்புறம் இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். பாலம் குறைவாக இருந்தால் பிசுபிசுப்பு, அதிகமானால் கட்டை மாதிரி இறுகிவிடும். சரியான அளவு எது, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம்? அதைக் கண்டுபிடிக்க குட்இயருக்கு இன்னும் பல வருஷம் பிடித்தது.

அந்த வருஷங்கள்தான் ரொம்பக் கொடுமை. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றார். மனைவியின் சமையல் அடுப்பு ஆய்வுக்கூடமானது. பாஸ்டனில் 5 டாலர் ஹோட்டல் பாக்கிக்காக ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, வீட்டில் கைக்குழந்தை இறந்து கிடந்ததாக அவரது வாழ்க்கைக் கதைகள் சொல்கின்றன. அடக்கம் செய்யக் கையில் காசில்லை. இரவல் வண்டியில் அந்தச் சின்னப் பெட்டியை ஏற்றிப் போனார். கிளாரிசாவுக்கும் அவருக்கும் பிறந்த 12 குழந்தைகளில் 6 பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கண்டுபிடிப்பாளரின் விடாமுயற்சியைப் பாராட்டுகிற கட்டுரைகள் நிறைய உண்டு. அந்த வீட்டில் அடுப்பெரித்த கிளாரிசாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

கடைசியில் விடை கிடைத்தது. அழுத்தமான நீராவியில், சுமார் 132 டிகிரி செல்சியஸ் சூட்டில், நாலு முதல் ஆறு மணி நேரம். 1844 ஜூன் 15-ல் அமெரிக்கக் காப்புரிமை எண் 3633 அவருக்குக் கிடைத்தது. 25 பங்கு ரப்பருக்கு 5 பங்கு கந்தகம், 7 பங்கு வெள்ளை ஈயம் என்பது அதில் சொன்ன கலவை. ஈயம்! வருஷக்கணக்கில் அதை வெறும் கையால் பிசைந்ததற்கும், பிற்காலத்தில் அவர் உடம்பு நொறுங்கியதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு.

பஞ்சர் கடை போர்டில் ரோமானியக் கடவுள்

இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவர் 1820-களிலிருந்தே ரப்பர் தொழிலில் இருந்தவர். குட்இயரின் மாதிரித் துண்டுகள் அவர் கைக்குப் போயின. துண்டின் மேல் லேசான கந்தகப் பூச்சைக் கவனித்த ஹான்காக், தானே பரிசோதித்து முறையைப் பிடித்துவிட்டார். 1843 நவம்பரில் அங்கே விண்ணப்பித்தும்விட்டார். குட்இயர் இங்கிலாந்தில் விண்ணப்பித்தது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். பின்னாளில் அங்கே வழக்கு போட்டும் தோற்றார்.

வல்கனைசேஷன் என்ற பெயரும் ஹான்காக்கின் நண்பர் வைத்ததுதான். ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கன் பேரிலிருந்து வந்தது. நம்ம ஊர் பஞ்சர் கடை போர்டில் வல்கனைசிங் என்று எழுதியிருக்கிறதே, அதே வார்த்தைதான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு மாதிரி. உரிமத்தைக் குட்இயர் சொற்ப விலைக்குக் கொடுத்தார். அதையும் கொடுக்காமல் திருட்டுத்தனமாகத் தயாரித்தவர்கள் ஏராளம். 1852-ல் நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் ஹோரஸ் டே என்பவருக்கு எதிரான பெரிய வழக்கு நடந்தது. குட்இயர் தரப்பில் வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர். அப்போது அவர் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர்! அவருக்கான கட்டணம் 15,000 டாலர். வழக்கில் ஜெயித்தார்கள். வக்கீலுக்குக் கிடைத்ததைப் பார்த்தால், யார் ஜெயித்தது என்று கேட்கத் தோன்றும்.

வந்த பணத்தையும் குட்இயர் சேர்த்து வைக்கவில்லை. 1851 லண்டன் கண்காட்சியில் சுவர், நாற்காலி, மேஜை எல்லாம் ரப்பரிலேயே செய்து ஒரு மண்டபம் வைத்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதைவிடப் பெரிதாகச் செலவழித்தார். அதற்குள் கிளாரிசா இறந்துபோய், அவர் மறுமணமும் செய்திருந்தார். பிரான்சில் அவரது காப்புரிமை ஒரு சட்ட நுணுக்கத்தால் ரத்தாக, வர வேண்டிய பணம் நின்றது. கடன்காரர்கள் கிளிஷி சிறையில் தள்ளினார்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அறிவித்த லெஜியன் ஆஃப் ஹானர் விருது, அந்த ஜெயிலுக்குள்தான் அவர் கைக்கு வந்தது.

1860-ல் மகள் மரணப் படுக்கையில் இருப்பதாகச் செய்தி வந்து நியூ ஹேவனுக்குப் புறப்பட்டார். நியூயார்க் வந்து சேர்ந்தபோது மகள் இறந்துவிட்ட தகவல் காத்திருந்தது. அங்கேயே சாய்ந்தார். ஜூலை 1-ம் தேதி ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் உயிர் பிரிந்தது. விட்டுச் சென்ற கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

பென்ஸ் தனது காருக்குக் காப்புரிமை வாங்கியது அதற்கு 26 வருஷம் கழித்து, 1886-ல். 1898-ல் ஒஹாயோ மாநிலம் ஏக்ரனில் ஃபிராங்க் சீபர்லிங் டயர் கம்பெனி தொடங்கி, மரியாதைக்காகக் குட்இயர் பேரை வைத்தார். குடும்பத்துக்கு அதில் பங்கும் இல்லை, சம்பந்தமும் இல்லை.

சரி, டயர் வாங்கும்போது இதெல்லாம் எதுக்கு?

ஏன்னா, காரில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், அது ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். இன்றைய டயரில் செயற்கை ரப்பர், கார்பன் கரி, சிலிக்கா எல்லாம் உண்டு. வேகமூட்டும் வேதிப்பொருட்கள் வந்துவிட்டதால் 100 பங்கு ரப்பருக்குச் சில பங்கு கந்தகமே போதும். ஆனா இளக்கமா, இறுக்கமா என்ற குட்இயரின் கேள்வி மாறவில்லை.

அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். டெக்சாஸில் குறிப்பிட்ட சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில், 100 எண் டயரைவிட 400 எண் டயர் நாலு மடங்கு உழைக்கும் என்று அர்த்தம். 200-ஐ ஒட்டியவை ரேஸ் ட்ராக் போகிறவர்களுக்கு. ரோட்டில் ஓட்டும் பவரான காருக்கு 300-ஐ ஒட்டிய சம்மர் டயர்கள் நல்ல நடுவழி. 500-க்கு மேலே போனால் பெரும்பாலும் ஆல்-சீசன் வகை, உழைப்பு அதிகம், பிடிமானம் குறைவு. ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணைத் தருவது அந்தந்தக் கம்பெனியே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிடலாம். வேறு வேறு கம்பெனி என்றால் அப்படியே நம்ப வேண்டாம்.

பக்கத்திலேயே ட்ராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி தரம் இருக்கும். அது ஈரச் சாலையில் நேராகப் போய் பிரேக் அடிக்கும் சோதனை மட்டுமே. வளைவில் எப்படி நிற்கும் என்பதை அது சொல்லாது. வேகக் குறியீட்டில் வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ 270, ஒய் 300. கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கவே கூடாது. எடை தாங்கும் எண்ணுக்கும் அதே விதிதான்.

குளிர் நாடுகளில் இன்னொரு சிக்கல். சுமார் 7 டிகிரிக்குக் கீழே சம்மர் டயர் விறைக்க ஆரம்பிக்கும், உறைபனியில் விரிசல்கூட விடலாம். 1834-ல் ராக்ஸ்பரி கடையில் இருந்த அதே பிரச்னையின் சின்னத் தம்பி இது. பனி விழும் ஊரில் ஒரே செட்டை வைத்து வருஷம் முழுக்க ஓட்ட நினைப்பவர்கள் ஆல்-சீசனுக்குப் போவது நல்லது.

காசை மிச்சப்படுத்த வேறு வழிகள் இருக்கு. பெரிய கம்பெனியின் புது மாடல் வந்ததும் பழைய மாடல் விலை இறங்கும். பிரேக்குக்கு இடம் இருந்தால், 19 அங்குலத்திலிருந்து சின்ன ரிம்முக்கு மாறினாலே டயர் விலை குறைந்துவிடும். இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால், புதுசு இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்வீல் டிரைவ் காராக இருந்தாலும் சரி, டயர் நிறுவனங்கள் சொல்வது இதைத்தான். மழையில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது சாமானியர்களால் ஆகாத வேலை.

ஆஃபர் என்று சொல்லித் தரும் டயரில் ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்க. டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ம் வருஷத்தின் 23-வது வாரம். கடையில் சும்மா இருந்தாலும் காற்றும் சூடும் பட்டு ரப்பர் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டேதான் இருக்கும். பட்டன் பளபளவென்று இருக்கும், பிடிமானம் போயிருக்கும். சில டயர்களில் இந்த நாலு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். மாட்டுவதற்கு முன்னாடியே திருப்பிப் பார்த்துடுங்க.